முதற்பிரிவின் பேட்ஜ்

நீல வட்டம், நடுவில் பித்தளை நிறத்தில் ‘முதற்பிரிவு’ என்ற எழுத்து. பின்பக்கத்து ஊசி உடைந்துபோனதால், அந்த இடத்தில் ஓர் ஊக்கை வைத்துச் சிவப்பு நூலால் சித்தி இறுக்கிக் கட்டியிருந்தாள். அந்த பேட்ஜைத் துப்பட்டாவில் குத்திக்கொண்டுதான் சித்தி மகள் விக்கிரமசிங்கபுரத்திலிருந்து பாளையங்கோட்டைக் கல்லூரிக்குத் தினமும் பஸ் ஏறினாள். நூல் ஆலையில் வேலை பார்த்த சித்தப்பா டீக்கடையில் யாரைப் பார்த்தாலும், “எம் மவ மொத செக்‌ஷன்லா” என்பார்.

அவள் படித்த இயற்பியல் துறையில் அது ஒரு வழக்கம். சேர்ந்த முதல் வாரத்திலேயே துறைத்தலைவர் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து மாணவர்களைப் பிரிப்பார். நன்றாகப் படிப்பவர்கள் முதற்பிரிவு, மற்றவர்கள் இரண்டாம் பிரிவு. முதற்பிரிவுக்கு அவரே பேட்ஜ் குத்திவிடுவார். சந்தன மணத்தோடு, கை நடுங்காமல். பாடமும் வினாத்தாளும் இரு பிரிவுக்கும் ஒன்றுதான். தரம் போடுவது மட்டும் தனித்தனி. வாங்கிய மதிப்பெண்ணுக்காக அங்கே தரம் கிடைப்பதில்லை. தன் பிரிவில் எத்தனை பேரை முந்தினோம் என்பதற்கே கிடைக்கும். உயர்ந்த தரம் ஒவ்வொரு பிரிவிலும் முதல் சிலருக்கு மட்டும். கெட்டிக்காரர்களை ஓர் அறையில் அடைத்து ஒருவரோடு ஒருவரை மோதவிட்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. எண்பத்து நான்கு வாங்கிய சித்தி மகளுக்கு நடுத்தரம். அடுத்த அறையில் அறுபத்து மூன்று வாங்கியவளுக்கு உயர்தரம்.

எம்.எஸ்சி.க்கு அவள் ஆசைப்பட்டது வெளி மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில். அவர்கள் தரப்புள்ளியை மட்டும் கேட்டார்கள். மதிப்பெண்ணை எழுத விண்ணப்பத்தில் இடமே இல்லை. முதல் வடிகட்டலிலேயே அவள் வெளியே.

துறைத்தலைவரிடமே கேட்டுவிடுவது என்று அவள் கிளம்பிய அன்று சித்தப்பாவுக்கு ஷிப்ட். நான் கூடப் போனேன். துறைத்தலைவர் மேசையில் வாழைப்பழத்தைக் கத்தியால் வட்டம் வட்டமாக நறுக்கிக்கொண்டிருந்தார்.

“கெட்டிக்காரப் பிள்ளையளோட உக்காந்து படிச்சிருக்கே. அதுவே பெருமைலாம்மா?” என்றார்.

“அப்ப ஒங்க மவள மட்டும் ஏன் சார் ரெண்டாம் செக்‌ஷன்ல போட்டிய? என்னய விட பிளஸ் டூல அவதான மார்க் கூட?” என்றாள் சித்தி மகள்.

நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கம் வரும், இல்லாவிட்டால் கோபமாவது வரும் என்று எதிர்பார்த்தேன். ஒரு வட்டத்தை வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்: “எம் பிள்ளை வாழ்க்கைய நான் பாக்கணும்லா.”

அவர் மகளுக்கு அதே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது.

தெரியாமல் செய்திருந்தால் முட்டாள்தனம் என்று விட்டுவிடலாம். கணக்கு முழுதும் தெரிந்த மனிதர் அவர். தெரிந்துகொண்டே ஊரார் பிள்ளைகளுக்குப் பெருமையைக் குத்திவிட்டு, தன் பிள்ளையைப் பைய அடுத்த அறைக்கு நகர்த்தியிருக்கிறார்.

சித்தி மகள் பேட்ஜைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். “இத நீங்களே வச்சுக்கிடுங்க சார்.”

அவர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். சிவப்பு நூலை நகத்தால் ஒருமுறை இழுத்துப் பார்த்தார்; இறுக்கமாகவே இருந்தது. கைக்குட்டையால் துடைத்து மேசை இழுப்பறைக்குள் போட்டார். “அடுத்த பிள்ளைக்கு ஆவும்” என்றார்.

இப்போது அவள் அம்பாசமுத்திரத்தில் ஒரு டியூஷன் சென்டரில் பாடம் எடுக்கிறாள். வேறெங்கும் விண்ணப்பிக்கவில்லை. கேட்டால், “எழுதுனா என்ன தரம்னுதான கேப்பாவ?” என்கிறாள்.

போன வாரம் பாபநாசம் பஸ்ஸில் என் பக்கத்துச் சீட்டில் ஒரு பெண். புதுப் பை, புதுச் செருப்பு. துப்பட்டாவில் அந்த நீல வட்டம். பஸ் வளைவில் திரும்பியபோது துப்பட்டா புரண்டது. பின்பக்கம் ஊக்கு, சிவப்பு நூல்.

நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டாள்.

“மொத செக்‌ஷன், அண்ணாச்சி” என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. “சாரே குத்திவிட்டாவ.”