தாழ்ப்பாள் இல்லாத கதவு

அந்தச் சட்டைக் கம்பெனியின் பெண்கள் கழிப்பறையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் சாப்பிட்டது வெளியே வந்துவிடும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. தண்ணீர் வந்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. அதனால் பெண்கள் ஜோடி ஜோடியாகத்தான் போவார்கள். ஒருத்தி உள்ளே போக, இன்னொருத்தி வெளியே மூக்கைப் பொத்திக்கொண்டு கதவுக்குக் காலால் முட்டுக் கொடுத்து நிற்பாள். அந்தத் தொல்லைக்குப் பயந்தே காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். புதிதாக வருகிறவளுக்கு மெஷினில் நூல் கோக்கச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் பெரியக்கா இதைத்தான் சொல்லிக்கொடுப்பாள். சே, இதுவும் ஒரு தொழிற்பயிற்சி!

பெரியக்கா தையல் வரிசையின் சூப்பர்வைசர். அவள் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்ததற்குக் காரணம் உண்டு. கம்பெனி சின்னதாக இருந்த காலத்தில் அவள் புருஷன் வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். முதலாளி அவனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வழியெல்லாம் அவன் எடுத்த வாந்தி முதலாளியின் சட்டையில். மனுஷன் முகம் சுளிக்கவில்லை. புருஷன் பிழைத்தான். அன்றிலிருந்து முதலாளியைப் பற்றி யார் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னாலும் பெரியக்கா சண்டைக்குப் போய்விடுவாள்.

இப்போது அவர் வேறு ஆள். மாடியில் ஏசி அறை, அதற்குள்ளேயே பளபளவென்று ஒரு தனிக் கழிப்பறை. கீழே இறங்கினால் கைக்குட்டை மூக்கை விட்டு இறங்காது. சுவரில் ஆளுயரப் பேனர்: "நாம் எல்லோரும் ஒரே குடும்பம்." கம்பெனி ஆண்டு விழாவுக்கு ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம், அதிலும் அவர் படம். வீட்டில் மணி பார்க்கும்போதெல்லாம் அந்த மூஞ்சியைப் பார்க்க வேண்டும், கர்மம்!

காலர் தைக்கிற ஒருத்திக்குத் தண்ணீர் குடிக்காமலே இருந்து நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சலில் மெஷின் மேலேயே சாய்ந்தாள். உடம்பு தேறியவள் இங்கே திரும்பவில்லை. எதிர்த்தெருக் கம்பெனிக்குப் போனாள். அவள் பின்னாலேயே பாதி வரிசை போய்விட்டது. கையிலிருந்த ஆர்டர் அந்தரத்தில் தொங்கியது. முதலாளி பெரியக்காவை மாடிக்குக் கூப்பிட்டார்.

"இவங்களுக்கு என்ன குறை வச்சேன்? நன்றி கெட்ட ஜென்மங்க!"

"ஐயா, அந்தக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாளும், குழாயில தண்ணியும் இருந்திருந்தா யாரும் போயிருக்க மாட்டாங்க."

"சீச்சீ! எங்கிட்ட வந்து பேசுற விஷயமா இது?" என்று கைக்குட்டையைத் தேடினார். "நீ போய்க் கூப்பிட்டா வருவாங்க. உன் புருஷனைத் தூக்கிச் சுமந்தவன் நான். ஞாபகம் இருக்கில்ல?"

இத்தனை வருஷமும் பெரியக்காதான் அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவள். அதையே அவர் வாயால் கேட்டபோது அருவருப்பாக இருந்தது. ஆனாலும் போனாள். பெண்களைக் கூட்டி வந்துவிட்டால் தானும் மிச்சக் காலத்தை அங்கேயே ஓட்டிவிடலாம் என்று ஒரு நப்பாசை.

எதிர்த்தெருவில் காலர்காரி ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள். பெரியக்கா பழக்கதோஷத்தில் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"குடிங்கக்கா, இங்க பயமில்ல. எங்க முதலாளியம்மா சரியான சிடுமூஞ்சி. பரிசும் கிடையாது, சிரிப்பும் கிடையாது. ஆனா நாங்க போற கக்கூசுக்குத்தான் அவங்களும் போறாங்க."

பெரியக்கா மடமடவென்று குடித்தாள். இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கி அதையும் குடித்தாள். "வாங்கடி" என்று கூப்பிட அவளுக்கு நாக்கு எழவில்லை.

திரும்பி வந்து மாடிப்படி ஏறும்போது வயிறு முட்டிக்கொண்டிருந்தது.

"என்ன, வர்றாளுங்களா?" என்றார் முதலாளி.

"இருங்கய்யா, வந்து சொல்றேன்" என்று அவரைத் தாண்டி நேராக அந்தத் தனிக் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டாள். அவள் சாவகாசமாக வேலையை முடித்து, தண்ணீரை ஊற்றி, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

"நான் யாரையும் கூப்பிடலய்யா" என்று மட்டும் சொன்னாள்.

பாதிப் படிகூட இறங்கியிருக்க மாட்டாள். மேலே அவர் துப்புரவு ஆளைக் கத்திக் கூப்பிடுவது கேட்டது.

"ஃபினாயிலை நல்லா ஊத்தித் தேய்ச்சுக் கழுவுய்யா! அவ உள்ள போயிட்டு வந்துட்டா!"

பெரியக்கா படியிலேயே நின்றுவிட்டாள். கண்ணில் நீர் முட்டியது. தூ என்று துப்பினாள். தையல் வரிசைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் தெருவைக் கடந்து போய், அந்தச் சிடுமூஞ்சி அம்மாவின் முன்னால் நின்றாள்.

"எனக்கும் ஒரு மெஷின் குடுங்கம்மா" என்றாள்.