தட்டிப் பார்த்த சுவர்

தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவளுக்குச் சுவரில் ஓர் ஆணி அடிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் கேட்க வேண்டும். அவர் ஆபீசில் கேட்க வேண்டும். அதற்குள் மாட்ட நினைத்த சாமி படத்தைக் கரையான் தின்றுவிடும். நோர்வூட் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்த என் கணவர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஒரு பழைய வீட்டை வாங்கினார். அங்கே என் முதல் வேலை முன்னறைச் சுவரில் மூன்று ஆணி அடித்ததுதான். மாட்ட ஒன்றுமில்லை, சும்மா அடித்தேன்.

விற்றவர் மனைவியை இழந்தவர். அவர் வீட்டை வைத்திருந்த லட்சணத்தைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தரை முழுக்கத் தோண்டிக் கிடந்தது. சமையலறை மேடை பாதி இடிந்திருந்தது. மனிதர் புதையல் தேடினார் என்று அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். கூலிக்கு ஆள் வைக்க வசதியில்லை. நானும் கணவரும் களிமண் குழைத்துத் தரையை மூடினோம், மேடையைக் கட்டினோம். கடைசியில் சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து முன்னறைக்கு நானே அடித்தேன். கை வெந்துபோனது. ஆனாலும் என் சுவர் என்று நின்று நின்று பார்த்தேன்.

மறுநாள் பால் காய்ச்ச இருந்தோம். அன்று காலை, வீட்டை விற்ற அந்தப் பெரியவர் வந்தார். முன்னறைச் சுவரை விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டபடி நகர்ந்தார். காதிலெல்லாம் சுண்ணாம்பு.

"என்னண்ணே பண்றீங்க?" என்றேன்.

"புள்ளைங்க பொறந்த சீட்டு, தோட்டத்துல பேர் பதிஞ்ச சீட்டு எல்லாத்தையும் எம்பொஞ்சாதி ஒரு தகரத்துல போட்டு ஒளிச்சு வச்சாம்மா. காய்ச்சல்ல கெடக்கும்போது கேட்டேன். 'பத்திரமா இருக்குங்க'ன்னா. அம்புட்டுத்தான் பேச்சு. அந்தக் காயிதம் இல்லாமத்தான் எங்களுக்குப் பிரஜாவுரிமை இல்லேன்னுட்டாங்க. முன்னாடி ஒரு நாளு அவ கையெல்லாம் சாந்து அப்பியிருந்துச்சு. இப்பத்தான் ஞாபகம் வருது. இந்தச் செவத்த மட்டும் ஒடச்சுப் பாத்துக்கிறேம்மா, நானே பூசித் தந்துர்றேன்."

"நாளைக்குப் பால் காய்ச்சுறோம்ணே. ஒடச்ச செவத்தோடயா காய்ச்சச் சொல்றீங்க? ரெண்டு நாள் கழிச்சு வாங்க."

"இன்னிக்குச் சாயந்தரம் அட்டன்ல ரயிலு தங்கச்சி. தலைமன்னார்ல இந்தியாவுக்குக் கப்பல். காயிதம் கெடச்சா போகாம நின்னுருவேன்."

"எங்க செவத்துல கைய வைக்காதீங்க," என்றேன்.

எங்க செவரு. அதை எவ்வளவு அழுத்திச் சொன்னேன் என்று இன்றும் ஞாபகம் இருக்கிறது. அவர் கோபப்படவில்லை. தான் தட்டிய இடத்தில் பட்டிருந்த கை அழுக்கை வேட்டி நுனியால் துடைத்துவிட்டுப் போனார்.

மழைக்காலம் தொடங்கியதும் அந்தச் சுவரில் சுளகு அகலத்துக்கு ஈரம் பூத்தது. மேலே சுண்ணாம்பு அடித்தேன். மறுபடியும் பூத்தது. மூன்றாவது முறை அடிக்கும்போது சுண்ணாம்பு மட்டையின் காம்பு இடித்த இடம் வெற்றுப் பானைபோல ஒலித்தது. கணவரைக்கூடக் கூப்பிடாமல் அலவாங்குக் கம்பியை எடுத்து நானே உடைத்தேன்.

உள்ளே பழைய விளக்கு மாடம். அதில் மெழுகுத்துணி சுற்றிய பிஸ்கட் தகரம். நாலு பிள்ளைகளின் பிறப்புச் சீட்டு, தோட்டத்துச் சீட்டுகள். ஒரு மூலைகூட நனையவில்லை.

அனுப்ப முகவரி இல்லை. திருச்சிப் பக்கம் என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. மாடத்தை நான் மறுபடி மூடவில்லை. அந்தச் சுவரில் யார் சாய்ந்தாலும், பிள்ளைகள் பந்தடித்தாலும், முட்டியால் தட்டுகிற சத்தமாகவே எனக்குக் கேட்கும். எழுந்து போய்ப் பார்ப்பேன், அந்தப் பெரியவர் இருக்கமாட்டார்.

எங்கள் வீடு வாங்கிய உறுதியும் பிரஜாவுரிமைக் கடிதமும் இருக்கிற டிரங்குப் பெட்டியிலேயே அந்தத் தகரத்தையும் வைத்தேன். இன்னும் அங்கேதான், பத்திரமாக இருக்கிறது.