மழைக்கு இறுகும் கதவு

மழைக்காலம் வந்தால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் கதவுகள் இறுகிவிடும். அக்கரப்பத்தனை மழை என்ன லேசா? மரம் ஊறத்தானே செய்யும் என்று எல்லோரும் சீவுளியை எடுப்போம். அம்மா தவறிய பிறகு லய வரிசையில் எங்கள் காம்பராவில் நான் மட்டும்தான். எனக்கென்று இருந்த ஒரே வீடு அது. கதவை நானே சீவுவேன்.

“ஊறிருச்சுங்க டீச்சர், மேல இன்னுங் கொஞ்சம் சீவி விடுங்க” என்பார் பக்கத்துக் காம்பரா அக்கா. சீவுவேன்.

இத்தனைக்கும் நான் விஞ்ஞான டீச்சர். மேசை விளிம்பில் ஒரு கல்லை வைத்து, சும்மா இருக்கிறது என்று நினைக்காதீர்கள், உயரத்தில் இருப்பதாலேயே இதற்குள் அழுத்த சக்தி இருக்கிறது, விழும்போது அதுதான் இயக்க சக்தியாகிறது என்று வருஷா வருஷம் தொண்டை கிழியக் கத்துகிறவள். மலை சரிவதும் பள்ளத்தாக்கு நிரம்புவதும் இதனால்தான் என்பேன். எங்கள் லயத்துக்குப் பின்னால் நின்ற மலையை மட்டும் பாடத்தில் சேர்க்கவில்லை.

போன வருஷம் மண்ணைப் பார்க்க வந்த அதிகாரி என் கதவை மூடித் திறந்து பார்த்தார். “கதவில் குற்றமில்லை. நிலைதான் சாய்ந்திருக்கிறது” என்றார் சிங்களத்தில். மலை ஓடி வரவில்லை. ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, சுவரையும் நிலையையும் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறது. வேகம் குறைவென்றாலும் அசைவு அசைவுதானே! அதற்குத் தோதாக நாங்கள் கதவைச் சீவிக் கொடுத்திருக்கிறோம். எனக்கு என்மீதே ஆத்திரமாக வந்தது.

எல்லோரையும் லயத்தை விட்டு எழும்பச் சொன்னார்கள். பக்கத்துக் காம்பரா அக்கா தன் மகனோடு கொழும்புக்குப் போனார். நான் ஹட்டனில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தேன். அம்மா திறந்து மூடிய கதவாயிற்றே என்று லொறியில் அதையும் ஏற்றிக்கொண்டேன். இங்கே அடுப்படிக்குக் கதவில்லை, அங்கே போடலாம் என்று எண்ணம்.

தச்சு வேலைக்கு வந்தவர் அதைத் தூக்கி நிலையோடு வைத்துப் பார்த்தார். மேலே ஒரு பக்கம் கை நுழையும் அளவுக்கு இடைவெளி.

“ரொம்பக் கோணலா இருக்குங்களே டீச்சர், இதை யாரு சீவுனது?”

கதவை அடுப்படிச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இங்கே மழைக்கு எந்தக் கதவும் இறுகுவதில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து யாரும் என்னைக் கூப்பிடுவதுமில்லை. அந்தக் கதவு பொருந்துகிற வீடு ஒன்றுதான். அங்கே இனி யாரும் போகக் கூடாதாம்.