தாய்க்குக் காரியம் செய்த குட்டி

கல்வராயன் மலை அடிவாரத்தில் இருந்த ஒரு குரங்குக் காப்பகத்தில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். காலையில் கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ் ஏறினால் இருட்டுவதற்குள் வீடு திரும்புவேன். குரங்குக்குப் பால் கொடுக்கிறதெல்லாம் ஒரு உத்தியோகமா என்று சொந்தக்காரர்கள் கேலி பேசினார்கள். உங்களுக்குச் சோறு போட்டதைவிட இதில் மரியாதை ஜாஸ்தி என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன்.

ஒருநாள் எலவனாசூர்கோட்டைப் பக்கம் ஒரு பெண் குரங்கு லாரியில் அடிபட்டுச் செத்துப்போனது. அதன் வயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த குட்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை. அந்த ஊரில் முக்கால்வாசிப் பேர் கூலி வேலைக்குப் போகிறவர்கள். அன்றைக்கு யாரும் போகவில்லை. அனுமாரே செத்த மாதிரி மாலை போட்டு, மேளம் வைத்து, ஏரிக்கரையில் அடக்கம் செய்தார்கள். குட்டியைத் துண்டில் சுற்றி வனத்துறையிடம் ஒப்படைத்தார்கள். அது எங்களிடம் வந்து சேர்ந்தது.

காப்பகத்தில் வயதான பெண் குரங்கு ஒன்று இருந்தது. குரங்காட்டியிடமிருந்து மீட்டது. அவன் பல்லைப் பிடுங்கியிருந்தான். வந்த நாளிலிருந்து யாரோடும் சேராமல் மூலையிலேயே கிடக்கும். அதன் கூண்டை ஒட்டிக் குட்டியை வைத்தோம். முதலில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு கம்பி வழியாகக் கையை நீட்டித் தொட்டது. உள்ளே விட்டதும் வாரி வயிற்றோடு சேர்த்துக்கொண்டது. அந்தக் கிழவிக்குப் பால் ஏது? ஊசி இல்லாத சிரிஞ்சில் ஆட்டுப்பாலை எடுத்து நான் கம்பி வழியே நீட்டுவேன். குட்டி குடித்து முடிக்கும்வரை அவள் என்னை முறைத்துக்கொண்டே இருப்பாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவளிடம் வளர்ந்தால்தான் அது குரங்காக வளரும், ஒருநாள் மலையில் விடலாம். மனுஷக் கையில் வளர்ந்த குட்டி காட்டில் பிழைக்காது.

பதினாறாம் நாள் நெருங்கியபோது ஊர்ப் பெரியவர் ஒருவர் நாலைந்து பேரோடு காப்பகத்துக்கு வந்தார்.

"பெத்தவளுக்குக் காரியம் பண்றோம். புள்ள இல்லாம எப்டிங்க? காலைல இட்டுக்கினு போயி சாயங்காலமே கொணாந்து வுட்டுடறோம்."

கூடவே கூடாது என்றேன். இப்போதுதான் ஒட்டியிருக்கிறது, பிரித்தால் எல்லாம் போச்சு என்றேன். காப்பகப் பொறுப்பாளர் என்னைக் கண்ணாலேயே அடக்கினார். ஊரைப் பகைத்துக்கொண்டு இங்கே காலம் தள்ள முடியாது, ஒரு பகல்தானே என்றார். சம்பளக்காரி பேச்சு எங்கே எடுபடும்?

சொன்ன சொல் தவறாமல் சாயங்காலமே கொண்டுவந்தார்கள். மஞ்சள் தண்ணீர் ஊற்றி, உச்சி முடியை மழித்து, உடம்பெல்லாம் சந்தனம் பூசியிருந்தார்கள். கழுத்தில் துளசி மாலை.

"மொட்ட போட்டாச்சுங்க. ஆத்தாளுக்குச் செய்ய வேண்டியத செஞ்சிட்டான். இனிமே அவனுக்கு ஒரு கொறையும் வராது" என்றார் பெரியவர். அவர் கண் கலங்கியிருந்தது. கையை நீட்டிக் குட்டியை வாங்கிக்கொண்டேன்.

மாலையைக் கழற்றிவிட்டுக் குட்டியை உள்ளே விட்டேன். கத்திக்கொண்டே ஓடி அவள் வயிற்றைப் பிடித்தது. அவள் குனிந்து முகர்ந்தாள். பிய்த்து எறிந்தாள். மறுபடி ஓடியது, மறுபடி எறிந்தாள். வெளியே எடுத்து ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். சந்தன வாசம் போகவில்லை. மழித்த முடிக்கு நான் எங்கே போவேன்? அடுத்தடுத்த நாட்களிலும் விட்டுப் பார்த்தோம். கடிக்கப் பல் இல்லாததால்தான் குட்டி உயிரோடு திரும்பியது.

நான் சொன்னதுதான் நடந்தது. அதனால் யாருக்கு என்ன லாபம்? குட்டி என் கையில்தான் வளர்ந்தது. கடைசிவரை அது மலை ஏறவில்லை. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. கோபப்படலாம் என்றால் அந்த ஊர்க்காரர்கள் முகம் வந்து நிற்கிறது.

அவளை நினைத்தால்தான் இன்னும் தாங்கவில்லை. குட்டி திரும்பி வந்த பிறகும், அன்றைக்கு அதைத் தூக்கிப்போன கதவையே பார்த்துக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள், தொண்டை கட்டும்வரை. பக்கத்துக் கூண்டிலிருந்து குட்டி பதிலுக்குக் கத்தியது. அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.