தட்டுப் பள்ளிக்கூடம்

வேலை போனதால்தான் நான் ஆம்பூருக்குத் திரும்பி வந்தேன். வேறு காரணம் சொன்னால் பொய். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஓடியவன். பம்பாயில் ஓர் ஈரானி ஓட்டலில் கப்பு கழுவினேன். ரயில் சாப்பாட்டு வண்டியில் தட்டு தூக்கினேன். பெங்களூரில் ஒரு கிளப்பில் வெள்ளை உடுப்புப் போட்டுப் பரிமாறும் பேரராக நின்றேன். அங்கே சமையல்காரரோடு சண்டை போட்டு வெளியே வந்தபோது வயது முப்பதைத் தொட்டிருந்தது. நடுவில் பிளாட்பாரத்தில் படுத்த நாட்களும் உண்டு. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. படுத்தேன், எழுந்தேன்.

ரயில் வாணியம்பாடியை நெருங்கும்போதே பெட்டியில் இருந்தவர்கள் சன்னல்களை இறக்கினார்கள். ஈரத் தோலும் உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து அழுகினாற்போல ஒரு நாற்றம். அதிலேயே பிறந்து வளர்ந்த எனக்கும் குமட்டியது. இரண்டு மூன்று நாள் கழித்து ஸ்டேஷன் எதிரில் உட்கார்ந்து டீ குடித்தபோது அதை மறந்துவிட்டிருந்தேன்.

வந்த மாதமே ஒரு கல்யாண வீட்டில் பரிமாறக் கூப்பிட்டார்கள். ஒரே கையில் தோள்வரை தட்டுகளை அடுக்கிக்கொண்டு நான் போனதை, தோல் பதனிடும் டேனரி ஒன்றின் முதலாளி பார்த்துவிட்டார்.

"இன்னாப்பா, சர்க்கஸ்ல இருந்தியா?"

"இல்ல மொதலாளி, கிளப்புல."

"அப்படியா? நாளைக்கு ஆபீஸ் பக்கம் வா."

போனேன். அவருக்கு எதிரில் வெள்ளைப் புடவையில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரைச் சிஸ்டரம்மா என்றுதான் கூப்பிட்டது. முதலாளியின் பிள்ளைகள் எல்லாரும் அவர் கையில்தான் பிறந்தார்கள். அதனால் அவர் சொன்னால் முதலாளி கேட்பார்.

அது எழுபதுகளின் பிற்பகுதி. தோலை அப்படியே கப்பலேற்றிய காலம் மாறி, ஷூவுக்கு மேல்பாகம் தைத்து அனுப்ப ஆரம்பித்திருந்தார்கள். வெளிநாட்டு வியாபாரிகள் அடிக்கடி வந்தார்கள். காலையில் மெட்ராஸிலிருந்து காரில் வந்து, சரக்கைத் தடவிப் பார்த்து, ஒரு சோடா மட்டும் குடித்துவிட்டு இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவார்கள். முதலாளிக்கு அது பெரிய குறை.

"பிசினஸ் எங்கூட, சோறு மெட்ராஸ்லயா? மானம் போவுதுப்பா."

சிஸ்டரம்மாவின் கணக்கு வேறு. வேலூர்க் கோட்டை பார்க்க ஆட்கள் வருகிறார்கள், ஏலகிரி மலைக்கு வருகிறார்கள், ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளோடு வடக்கிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். சுத்தமாக ஒரு படுக்கை விரித்து, மரியாதையாக ஒரு தட்டு வைக்கத் தெரிந்த ஆள் இந்தப் பக்கம் இல்லை. சொல்லிக்கொடுத்தால் டேனரியில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளும் பையன்கள் பிழைத்துக்கொள்வார்கள். இதுதான் அவர் எண்ணம்.

முதலாளி தன் தோல் கோடவுன் ஒன்றை ஒழித்துக் கொடுத்தார். பக்ரீத் வரை அது எங்களுக்கு. பக்ரீத் முடிந்தால் லாரி லாரியாகத் தோல் வந்து இறங்கும், கோடவுன் திரும்ப வேண்டும். அதற்குள் தன் வெளிநாட்டு வியாபாரி எங்கள் கையால் சாப்பிட்டு ஒரு ராத்திரி தங்கினால், மற்ற முதலாளிகளையும் சேர்த்துக்கொண்டு விருந்தினர் விடுதியே கட்டி எல்லாருக்கும் வேலை கொடுப்பதாகச் சொன்னார். இல்லையென்றால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

வாசலில் 'விருந்தோம்பல் தொழிற்பயிற்சி நிலையம்' என்று போர்டு எழுதி மாட்டினோம். ஊரில் யார் வாயிலும் அது நுழையவில்லை. தட்டுப் பள்ளிக்கூடம் என்றார்கள். சேர வந்தவர்களை டீக்கடையில் ஓட்டினார்கள்.

"இன்னாடா, சோறு போட ஸ்கூலுக்குப் போறியாமே? ஒங்கம்மா எந்த ஸ்கூல்ல படிச்சாங்க?"

சேர்ந்தவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோல் புரட்டிக்கொண்டிருந்தவர். தொட்டிக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட ஓரிரு வயது சின்னவர், பெண்டாட்டியும் சின்னக் குழந்தையும் உண்டு. கால்விரல் இடுக்குகளையெல்லாம் சுண்ணாம்பு தின்றிருந்தது. சிஸ்டரம்மா தினமும் அவர் காலுக்கு மருந்து போட்ட பிறகுதான் வகுப்பைத் தொடங்குவார். புண் வலிக்காமலிருக்கக் காலை மெல்ல மெல்ல ஊன்றி நடந்து அவருக்குப் பழக்கம். பேரர் வேலைக்கு அதைவிட நல்ல நடை கிடையாது. பக்கத்தில் வந்து நிற்பதே தெரியாது.

"இது நிக்கலன்னா திரும்பத் தொட்டிதான் மாஸ்டர்," என்றார் ஒருநாள், ஸ்பூன் துடைத்துக்கொண்டே. பஸ் இல்லையென்றால் நடந்துதான் போக வேண்டும் என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

"மறுபடி சுண்ணாம்புல கால வெச்சா விரல எடுக்க வேண்டியிருக்கும். பாத்துக்க," என்றார் சிஸ்டரம்மா.

நான் தட்டு, கரண்டி, சூப், கட்லெட் சொல்லிக்கொடுத்தேன். சிஸ்டரம்மா படுக்கை, சுத்தம், பேச்சு. அவர் விரித்த படுக்கையில் மூலைகள் கத்திபோல இருக்கும். பேச்சில்தான் கொஞ்சம் வார்டு வாடை. ஒத்திகைக்கு நான் விருந்தாளியாகப் படுத்திருக்க, ஒரு பையன் கதவைத் தட்டி உள்ளே வந்து, "குட் மார்னிங் சார், வலி கம்மியா இருக்கா?" என்று கேட்டான்.

வியாபாரி வந்தார். இந்த முறை மனைவியோடு. கோட்டை, மலையெல்லாம் பார்க்க வேண்டும் என்று அந்த அம்மாதான் ஆசைப்பட்டாராம். வெள்ளையடித்த சுவர், புதுத் திரை, கஞ்சி போட்ட மேசைவிரிப்பு. தொட்டிக்காரர் சத்தமில்லாமல் சூப்பைக் கொண்டுபோய் வைத்தார். அந்த அம்மா ஸ்பூனை எடுத்தார், வாய்வரை கொண்டுபோனார், கீழே வைத்தார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். முகம் வெளிறிப்போனது. எழுந்து வெளியே போய்க் கார் பக்கத்தில் நின்றுகொண்டார்.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. சூப்பை நான் ருசி பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. வெளியே போய் அந்த அம்மாவின் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு வந்த சிஸ்டரம்மா எல்லாரையும் ஓரமாகக் கூப்பிட்டார்.

"பயப்படாதீங்க. அந்தம்மா முழுகாம இருக்காங்க."

முதலாளிக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். உடனே வீட்டுக்கு ஆள் அனுப்பினார். அவர் வீட்டம்மா ஒரு பெரிய பாட்டில் மாங்காய் ஊறுகாய் கொடுத்து அனுப்பினார். பழக்கூடை வந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அந்த வெள்ளைக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்துச் சொன்னேன். அவர் திருதிருவென்று விழித்தார். அவர்கள் மகன் காலேஜில் படிக்கிறான் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. ஊறுகாய் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மா காரில் ஏறினார். அன்று சாயங்காலமே மெட்ராஸ் போய்விட்டார்கள். கான்பூர், கல்கத்தா போய்விட்டுப் பக்ரீத் சமயத்தில் இன்னொரு முறை வருவார்கள் என்று தெரிந்தது.

"அரே, நம்ம மேல தப்பு ஒண்ணுமில்லப்பா," என்றார் முதலாளி. "ஒடம்பு தேறி வரட்டும்."

நாங்களும் அப்படியே நம்பினோம். அடுத்த முறைக்குக் கொஞ்சம் நல்ல தட்டுகளாக வாங்கலாம் என்று நான் பெங்களூர் கிளம்பினேன். கிளப்பில் பழசைக் கழிப்பார்கள். எங்கள் மேசை அளவுக்குத் தட்டு பொறுக்க வசதியாக, துவைத்து இஸ்திரி போட்ட மேசைவிரிப்பு ஒன்றையும் கொண்டுபோனேன். கிளப்பில் இன்னமும் வேலையில் இருந்த என் பழைய தோஸ்த் அதை விரித்தான். விரித்த வேகத்தில் பின்னால் போனான்.

"டேய், இன்னாத்தடா இதுல சுத்தி எடுத்தாந்த? செத்த ஆடா?"

நான் மோந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான் வந்தது. அவன் வேண்டுமென்றே கிண்டல் செய்கிறான் என்று நினைத்தேன். அன்றிரவு அவன் அறையிலேயே படுத்தேன். காலையில் எழுந்து, மூலையில் கிடந்த என் பையைத் திறந்தேன். ரயில் வாணியம்பாடியை நெருங்கியபோது அடித்த அதே நாற்றம், என் சட்டையிலிருந்தே வந்தது. குழந்தையாவது ஒன்றாவது என்று அப்போதுதான் உறைத்தது.

திரும்பி வந்து சொன்னேன். யாரும் நம்பவில்லை. தொட்டிக்காரர் நான்கு சுவரையும் மோந்துகொண்டே சுற்றி வந்தார்.

"இன்னா நாத்தம் மாஸ்டர்? வெள்ளையடிச்ச வாசனதான் வருது."

சிஸ்டரம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "நானே நின்னு பினாயில் ஊத்திக் கழுவ வெச்சிருக்கேன். நாத்தமாம். எத்தினி பேருக்குப் பிரசவம் பாத்தவ நான், எனக்கு மசக்கையப் பத்தி நீ சொல்லாத."

"சரிம்மா. ஞாயித்துக்கெழம ஏலகிரில சர்ச்சுக் கூட்டம்னீங்களே. இந்தத் தலகாணி உறைய எடுத்துட்டுப் போங்க. மறுநா காலைல பையத் தொறந்து பாருங்க."

எடுத்துப் போனார். திங்கட்கிழமை மலையிலிருந்து இறங்கி நேராகக் கோடவுனுக்கு வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார். புடவைத் தலைப்பு மூக்குக்குப் போனது.

"ஏசப்பா," என்றார். தலைப்பை எடுக்காமலே, "அந்தம்மாவுக்கு ஊறுகா வேற குடுத்தமே," என்றார்.

பல தலைமுறைத் தோல் உப்பு குடித்த சுவர். எதை ஊற்றிக் கழுவினாலும் போகாது. மலைக்குப் போவதுதான் வழி என்று சிஸ்டரம்மாவே சொன்னார். முதலாளிக்கு ஏலகிரியில் ஒரு வீடு இருந்தது. வெயில் காலத்தில் அவர் வீட்டுப் பெண்கள் போய்த் தங்கும் வீடு. ஆனால் அவர் வீட்டுக்குப் போய் நாங்கள் காரணத்தைச் சொன்னதும் முதலாளியின் முகம் மாறிவிட்டது.

"எங்க தாத்தா கட்டின கோடவுன் நாறுதா? இந்த ஊர்ல பாதிப் பேருக்குச் சோறு எங்கேருந்துப்பா வருது?"

"சோறு வருது மொதலாளி. அந்தம்மாவுக்குத்தான் சோறு எறங்கல."

சிஸ்டரம்மா எழுந்து பெண்கள் பக்கத்து வாசல் வழியாக வீட்டுக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. நிற்கவே இல்லை. முழுகாமல் இருந்த கதையைக் கேட்டு முதலாளியின் வீட்டம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாராம். பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து எங்களுக்குக் கேட்கும்படி சொன்னார்.

"வீட்ட எடுத்துக்கங்க. என் ரூம் மட்டும் பூட்டியே இருக்கணும். சாராயம், பன்னி ரெண்டும் வாசப்படி தாண்டக் கூடாது. அப்புறம், அந்தம்மாகிட்ட ஊறுகா பாட்டிலத் திருப்பிக் கேட்டு பேஜார் பண்ணாதீங்க."

முதலாளி எழுந்து மலை வீட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

கீழேயிருந்து ஒரு துணிகூட மேலே வரக் கூடாது என்று சிஸ்டரம்மா உத்தரவு போட்டார். உடுப்புகளை மலையிலேயே அண்டாவில் வேகவைத்தார். எங்களையும் வேகவைக்காததுதான் பாக்கி. விருந்தாளிகள் வருவதற்கு முன்பே நாங்கள் எல்லாரும் மேலே போய்த் தங்கினோம். தொட்டிக்காரருக்குத் தூக்கம் வரவில்லை. "ஏதோ கொறையுது மாஸ்டர், காத்து வெறுமையா இருக்கு," என்று புரண்டுகொண்டிருப்பார்.

பக்ரீத்துக்கு மறுநாள் அவர்கள் வந்தார்கள். கீழே கோடவுனில் தோல் ஏறிக்கொண்டிருந்தது. இதுவும் போனால் எங்களுக்குத் திரும்ப இடமில்லை. வெளியே தூறல். அந்த அம்மா மேசையில் உட்கார்ந்தார். தொட்டிக்காரர் போய்ச் சூப்பை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். சமையலறைக் கதவிடுக்கில் நாங்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஸ்பூன் மேலே போனது. கீழே வந்தது. மறுபடி மேலே போனது. சூப் காலியானது. கட்லெட்டும் போனது. சோறு வைத்ததும் அந்த அம்மா தொட்டிக்காரரைக் கூப்பிட்டு என்னவோ கேட்டார். அவர் பாதி ஓட்டமாக உள்ளே வந்தார்.

"மாஸ்டர், ஊறுகா கேக்கறாங்க. அந்த மாங்கா ஊறுகா. குடுத்தது தீந்து போச்சாம்."

சிஸ்டரம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நான் அப்பவே சொல்லல?"

ராத்திரி தங்கினார்கள். காலையில் ஏரிப் பக்கம் நடந்துவிட்டு வந்து இன்னும் ஒருநாள் இருக்கலாமா என்று கேட்டார்கள். நான் அடுத்த பஸ் பிடித்துக் கீழே போனேன். முதலாளி கோடவுன் வாசலில் நின்று உப்பு போடுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் திரைகள் இருந்த இடத்தில் ஆட்டுத்தோல் கூரைவரை ஏறியிருந்தது.

"சாப்ட்டாங்களா?"

"சாப்ட்டாங்க மொதலாளி. ஊறுகா ரெண்டு தடவ."

"ராத்திரி?"

"தங்கினாங்க. இன்னொரு நாளும் இருக்காங்களாம்."

உப்பு போடுகிறவர்களை விட்டு என்னைத் தள்ளிக் கூட்டிப்போனார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உண்மைய சொல்லு. நாறுதா இங்க?" என்றார்.

"ரொம்ப ஜாஸ்தி மொதலாளி."

கடகடவென்று சிரித்தார். "சரி, அந்தப் போர்ட இங்கேருந்து கழட்டி எடுத்துட்டுப் போ. மலைல மாட்டு."

விடுதி பிறகு மெல்லத்தான் வந்தது. முதலில் அந்த வீடே விடுதியானது. தொட்டிக்காரருக்கு அங்கே சம்பளம் போட்டார்கள். ஒரு வாரம் கழித்து லீவில் வீட்டுக்குப் போனவர், மறுநாள் காலையிலேயே திரும்பிவிட்டார். இன்னொரு நாள் இருந்துவிட்டு வந்திருக்கலாமே என்றேன்.

"கொழந்த கிட்டயே வரல மாஸ்டர். மூக்கப் பொத்திக்கினு அழுவுது. எம் பொண்டாட்டி சொல்றா, சோப்பு நாத்தம் தாங்கலையாம். ராத்திரி ஆயி, ஊரு வாட என் மேல ஏறினப்புறந்தான் கிட்ட வந்துச்சு. இன்னும் ஒருநா இருந்தா சிஸ்டரம்மா என்னியே அண்டால போட்டுருவாங்க."

சொல்லிச் சிரித்துக்கொண்டே படியில் உட்கார்ந்து காலுறையை மாட்டினார். விரல் இடுக்குகளில் புண் காய்ந்து புதுத்தோல் கட்டியிருந்தது. உள்ளே யாரோ மணி அடித்தார்கள். எழுந்து போனார். அவர் போன சத்தமே கேட்கவில்லை.