இரண்டு மார்க்

காட்டுப்பாக்கம் வனஜாவை அவள் வகுப்புக்கு வரும் பெற்றோர் யாருக்கும் பிடிக்காது; அவளுக்கும் அவர்களில் யாரையும் பிடிக்காது. ஐ.டி. வேலையை உதறிவிட்டு, அடுக்ககச் சங்கத்தின் ஹாலில் ஞாயிற்றுக்கிழமைக் கணித வட்டத்தை ஆரம்பித்தவள் அவள்தான். நூம்பல், மாங்காடு, ஆவடி குவார்ட்டர்ஸ் என்று எங்கிருந்தெல்லாமோ பிள்ளைகள் வந்தார்கள். கூடவே பெற்றோரும் வந்து, பின்வரிசையில் உட்கார்ந்து அவளை முறைத்தார்கள்.

முறைப்புக்குக் காரணம் அவள் மகன் அஸ்வின். மாநிலப் போட்டிக்கு நான்கு பேர்தான் அணி. "சொந்தப் பிள்ளைக்கு ஒரு சீட் ரிசர்வ்டு" என்று, வட்டத்தில் படிக்கும் பவ்யாவின் அப்பா ரகுநாதன் வாட்ஸ்அப் குழுவில் சிரிப்பு எமோஜியோடு போட்டிருந்தார். அணித் தேர்வில் காட்டுகிறேன் என்று வனஜா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

காட்டினாள். அஸ்வின் ஐந்தாவதாக வந்தான். ஒரே மார்க்கில் அவனை முந்தி, நான்காவது இடத்தை ஆவடி கனிமொழி பிடித்தாள். ரகுநாதன் வாயடைத்துப் போனதைப் பார்க்க வனஜாவுக்கு இனித்தது. மகனின் முகத்தை மட்டும் அவள் பார்க்கவில்லை.

வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. முடிவு உறுதியாகும் முன் பிள்ளைகள் விடைத்தாள்களை மாற்றிக்கொண்டு அடுத்தவர் தாளில் ஓட்டை தேட வேண்டும். அஸ்வினின் தாள் கனிமொழியிடம் போனது. இருவருக்கும் ஆகவே ஆகாது. போன மாதம்தான் அவளுடைய நிரூபணத்தை அவன் எல்லார் முன்னாலும் கிழித்துத் தோரணம் கட்டியிருந்தான்.

கனிமொழி எழுந்தாள். "மிஸ், இன்னா இது? 'வர்க்கம் இரட்டைப்படை, அதனால எண்ணும் இரட்டைப்படை'ன்னு எழுதிகீறான். காரணம் எங்கேன்னு கேட்டு ரெண்டு மார்க் வெட்டிகீறீங்க."

"காரணம் எழுதணும்ல?"

"நானும் இதே வரியத்தான் எழுதிகீறேன். எனக்கு முழு மார்க்கு போட்டுகீறீங்க."

"உட்காரு கனிமொழி. சீட் உனக்குத்தானே வந்திருக்கு?"

"அவன் மூஞ்சியப் பாத்தாலே கடுப்பாவுது மிஸ். ஆனா வரி சரியாத்தான் கீது. வெட்டுனா ரெண்டு பேருக்கும் வெட்டுங்க. போட்டா ரெண்டு பேருக்கும் போடுங்க."

எப்படிச் செய்தாலும் அஸ்வின் அவளை ஒரு மார்க்கில் முந்திவிடுவான். அது தெரியாமல் அவள் எழுந்திருக்கவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு நல்லா சொல்லிக் குடுத்து வெச்சிருக்காங்க" என்றார் ரகுநாதன், ஹாலுக்கே கேட்கிற மாதிரி.

வனஜா போர்டில் கனிமொழி பெயரை அழித்து அஸ்வின் என்று எழுதினாள். முதல் வாரமே எல்லாரும் சேர்ந்து நிரூபித்த வரி அது. மறுபடி யாரும் காரணம் எழுதத் தேவையில்லை. திருத்தும்போதே அது அவளுக்குத் தெரியும். பேனா ஒரு கணம் நின்றது, பின்வரிசை முகங்கள் நினைவுக்கு வந்தன, வரியைச் சுழித்து இரண்டு மார்க் வெட்டிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அஸ்வின் கேட்டான். "தெரிஞ்சேதான் வெட்டினியாம்மா?"

"அவங்க வாயை அடைக்கத்தான்டா."

"அதுக்கு என் தாள்தான் கிடைச்சுதா?" அவன் குரலை உயர்த்தவில்லை. "போட்டிக்கு எங்களோட நீ வராதே. நீ வந்தா நான் போகல. ரகுநாதன் அங்கிள் கூட்டிட்டுப் போகட்டும். அவர் மனசுல என்ன இருக்குன்னாவது எனக்குத் தெரியும்."

கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். அவன் அசையவில்லை. சாயங்காலம், அணியைப் போட்டிக்கு அழைத்துப் போக முடியுமா என்று ரகுநாதனைக் கேட்டுக் குழுவில் எழுதினாள். அவர் அதே சிரிப்பு எமோஜியைப் போட்டார்.