அலமாரிக்காரி

காலை ஆறரை மணிக்கு அவள் துணி அலமாரிக்குள் நுழைந்து கதவை இழுத்துச் சாத்திக்கொள்கிறாள். உள்ளே ஒரு முக்காலி, கம்பியில் கவ்விய சின்ன விளக்கு, மடியில் லேப்டாப், தலையில் ஹெட்செட். மேலே மூன்று பேருடைய குளிர்கோட்டுகள் வரிசையாகத் தொங்குகின்றன. அதில் ஒரு கோட்டின் கை எப்போதும் அவள் தோளில் விழுந்து கிடக்கும். தள்ளிவிட அவளுக்கு நேரம் இருப்பதில்லை.

வீட்டில் இரண்டு அறைகள் இருக்க, அலமாரி எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. வாடகை வீட்டுச் சுவர்கள் அட்டைச் சுவர்கள். பக்கத்து வீட்டுக்காரர் டிரம்பெட் பழகுகிறார், பல வருடமாகப் பழகிக்கொண்டே இருக்கிறார். மாடியில் வாஷிங் மெஷின் அறை முழுக்க நடந்து போகும். அவள் வேலையிலோ வேறு சத்தம் உள்ளே வரக் கூடாது, அவள் சத்தம் வேறு காதில் விழவும் கூடாது. "துணி சத்தத்தைத் தின்னுடும். இந்த வீட்டுலயே மரியாதை தெரிஞ்ச இடம் அதுதான்" என்பாள். அலமாரிக்காரி என்று பட்டப்பெயர் வைத்தது மகள். இப்போது அவள் கணவரும் அப்படித்தான் கூப்பிடுகிறார், கொஞ்சம் பயத்தோடு.

தொழில், மொழிபெயர்ப்பது. இரண்டு கடல் தாண்டி ஏதோ ஒரு நாட்டில் ஒரு நிறுவனம். அதன் அலுவலகத்தை அவள் பார்த்ததில்லை, மேலதிகாரி நெட்டையா குட்டையா என்றும் தெரியாது. அந்த நாட்டு ஆஸ்பத்திரிகளில் தமிழ் மட்டுமே தெரிந்த நோயாளி வந்தால் டாக்டர் ஒரு பட்டனை அழுத்துவார். இங்கே அலமாரிக்குள் மணி அடிக்கும். டாக்டரின் ஆங்கிலத்தை அவள் தமிழாக்குவாள், நோயாளியின் தமிழை ஆங்கிலமாக்குவாள். "குடியிருக்கிறது ஒரு நாடு, வேலை பார்க்கிறது ஒரு நாடு, பேசுறது மட்டும் நம்ம ஊரு. நான் எங்க இருக்கேன்னு எனக்கே சமயத்துல சந்தேகமா இருக்கு" என்று சிரிப்பாள்.

இந்த நாட்டுக்கு அவர்கள் வந்தது கணவரின் வேலைக்காக. கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம், ஏற்று, இறக்கு, நிறுத்து, பார்த்து வா என்ற அளவில் நின்றுவிட்டது. அவளுடையது வளர்ந்துகொண்டே போனது. கல்லீரலின் எந்தப் பக்கத்துக்கு என்ன பெயர் என்று இரண்டு மொழியிலும் சொல்வாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள், எதையும் அரைகுறையாக விடமாட்டாள்.

அந்தத் தொழிலில் மூன்று கட்டளைகள். சேர்க்கக் கூடாது, விடக் கூடாது, மாற்றக் கூடாது. நோயாளி டாக்டரைத் திட்டினால் திட்டையும் அப்படியே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இவற்றை விடக் கடினமான நாலாவது ஒன்று உண்டு: எதையும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். 'இவருக்கு வயிறு வலிக்கிறதாம்' என்பதெல்லாம் அங்கே கிடையாது. நோயாளிக்கு வலித்தால் 'எனக்கு வலிக்கிறது' என்பாள். ஒரே காலையில் எழுபது வயதுக் கிழவராக இருப்பாள், பிள்ளைத்தாய்ச்சியாக இருப்பாள், பல் பிடுங்கப் பயப்படும் ஆளாக இருப்பாள், பதினோரு மணிக்கு எழுந்து வந்து காயும் நறுக்குவாள்.

இந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. "அம்மா, நான் கல்யாணத்துக்கு வரலைன்னு அப்பாகிட்ட சொல்லிடு" என்று மகள் சொன்னால், இவள் கூடத்துக்கு வந்து, "நான் கல்யாணத்துக்கு வரலை" என்பாள். "நீ ஏன் வரலை? புடவையெல்லாம் எடுத்தாச்சே?" என்று அவர் பதறுவார். "நான் இல்லைங்க, உங்க பொண்ணு."

வேலை தொடங்கிய முதல் மாதம் நடந்ததை அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அன்றைக்குக் கிடங்கில் மின்சாரம் போய்ச் சீக்கிரம் வீடு திரும்பியிருந்தார். அலமாரிக்குள்ளிருந்து மனைவியின் குரல். நெஞ்சு, வலி, மூச்சு என்ற மூன்று ஆங்கிலச் சொற்களும் அவருக்குத் தெரிந்தவை. எனக்கு நெஞ்சு வலிக்கிறது, மூச்சு விட முடியவில்லை என்கிறாள்! அவர் கதவைப் பிளந்துகொண்டு உள்ளே பாய்ந்து, கோட்டும் ஒயருமாக அவளை வாரி வெளியே இழுத்தார். அவளோ ஒரு காலால் அவரை எட்டித் தள்ளிக்கொண்டே, குரல் பிசிறாமல், "மொழிபெயர்ப்பாளர் மன்னிப்புக் கேட்கிறார், இங்கே ஒரு சிறிய தடங்கல்" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு மறுபடி நெஞ்சு வலிக்குள் போய்விட்டாள். அவர் தரையில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். இப்படி ஒரு மனுஷியுடனா இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினோம் என்று அன்றைக்கு வந்த மலைப்பு அவருக்கு இன்னும் தெளியவில்லை.

பேசும்போது மடியில் ஒரு குறிப்பேடு இருக்கும். அம்பு, வட்டம், பெருக்கல் குறி என்று கோழி கிளறியது போல எழுதிக்கொண்டே போவாள். யாருடைய நோயும் வெளியே போகக் கூடாது என்பதால் வேலை முடிந்ததும் தாள்களைச் சுக்குநூறாகக் கிழித்து வாளித் தண்ணீரில் ஊறப் போடுவாள். "என்னம்மா ஊற வெச்சிருக்க?" என்று அவர் எட்டிப் பார்த்தால், "ரெண்டு பிரசவம், நாலு சர்க்கரை, ஒரு பல்" என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியாது. பிழைத்தார்களா, குழந்தை பிறந்ததா என்பது அவளுக்கே தெரியாது. டாக்டர் நன்றி சொல்லி வைத்துவிட்டால் அதோடு சரி. சில நாட்களில் வேலை முடிந்து முகம் கழுவப் போனவள் கால் மணி நேரம் குழாயை மூடமாட்டாள். அப்போது அவர் ஒன்றும் கேட்காமல் டீ போட்டு வைப்பார். கேட்காமல் இருப்பதுதான் தன்னால் ஆன உதவி என்பது அவருடைய எண்ணம்.

அந்த எண்ணம்தான் அவரை ஒரு தப்புக்குக் கொண்டுபோய்விட்டது. மூன்று மாதமாக அவருக்குச் சிறுநீரில் அவ்வப்போது ரத்தம் வந்தது. வலி இல்லை, வந்தது, நின்றது, மறுபடி வந்தது. மனைவியிடம் மூச்சு விடவில்லை. முதுகு வலி என்று மட்டும் சொல்ல, அவள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். டாக்டரிடமும் முதுகு வலி என்றே சொன்னார்; பக்கத்தில் அவள் இருந்தாளே. டாக்டர் ஸ்கேன் எடுக்க எழுதிக் கொடுத்தார். முடிவைக் கேட்கப் போகும் நாளுக்கு அவர் ஒரு திட்டம் போட்டார். "சொந்தக்காரங்க மொழிபெயர்க்கக் கூடாதுன்னு நீதானே சொல்லுவ? இந்தத் தடவை ஆஸ்பத்திரி ஆளையே போன்ல வரச் சொல்லிட்டேன். நீ வெளிய உட்காரு." ஒரு வழியாக இவருக்கும் தொழிலின் நெறி புரிந்துவிட்டதே என்று அவள் முகம் மலர்ந்தது. அவருக்கு உள்ளே குறுகுறுத்தது. முகம் தெரியாத ஆளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்பதுதான் கணக்கு.

கணக்கு பத்து நிமிடம்கூட நிலைக்கவில்லை. போனில் வந்த மொழிபெயர்ப்பாளரின் இணைப்பு அறுந்தது. மறுபடி முயன்றார்கள், ஆள் கிடைக்கவில்லை. இன்னொரு நாள் என்றால் மூன்று வாரம் ஆகும் என்றார் டாக்டர். நர்ஸ் போய் வெளியே இருந்தவளைக் கூட்டி வந்தாள். டாக்டர் தயங்கினார். குடும்பத்தார் நல்லெண்ணத்தில் சிலவற்றை விழுங்கிவிடுவார்கள், தனக்கு அப்படி அனுபவம் உண்டு என்றார். "நான் விழுங்கமாட்டேன்" என்று அவள் தன் மொழிபெயர்ப்பாளர் அடையாள எண்ணைச் சொன்னாள். பிறகு நாற்காலி ஒன்றை எடுத்து, கணவர் பக்கமும் இல்லாமல் டாக்டர் பக்கமும் இல்லாமல் மேஜையின் ஓரத்தில் போட்டு உட்கார்ந்தாள். குறிப்பேடு திறந்தது. அந்த நொடியே அவள் முகம் மாறிப்போனதை அவர் பார்த்தார். அலமாரிக்குள் அவள் எப்படி இருப்பாள் என்பதை வெளிச்சத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஸ்கேன்ல உங்க சிறுநீர்ப்பையோட உள்சுவர்ல ஒரு சின்ன வளர்ச்சி தெரியுது" என்றாள், டாக்டராக. "அது என்னன்னு குழாய்ல கேமரா விட்டுப் பார்த்தாதான் எனக்குத் தெரியும். புத்துநோயாவும் இருக்கலாம். அதனால இப்ப நான் கேக்குறதுக்கு மறைக்காம பதில் சொல்லுங்க. சிறுநீர்ல ரத்தம் வந்திருக்கா?"

இல்லை என்று தலையாட்டிவிட்டால் அவளுக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. சொன்னால், அது அவள் வாய் வழியாகத்தான் போக வேண்டும். அவர் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை; பேனாவைத் தாளில் ஊன்றிக் காத்திருந்தாள். ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேர் இந்தக் குரலை நம்பித்தானே உள்ளதைச் சொன்னார்கள் என்று தோன்றியது.

"வந்திருக்கு" என்றார். "மூணு மாசமா."

மூன்று மாதமாக எனக்கு ரத்தம் வருகிறது என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். குரல் ஒரு நூல்கூட ஏறி இறங்கவில்லை.

"போன தடவை ஏன் சொல்லலை?"

"அப்ப என் பொண்டாட்டி பக்கத்துல இருந்தா."

அதையும் சொன்னாள். என் மனைவி பக்கத்தில் இருந்தாள் என்று, தானே அந்தக் கணவனைப் போல.

"புகை பிடிப்பீங்களா?"

ஆறு வருடத்துக்கு முன்பு மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்து விட்ட சமாச்சாரம் அது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். "தினம் ரெண்டு. கிடங்குக்குப் பின்னால." தினம் இரண்டு, கிடங்குக்குப் பின்னால் என்று அதுவும் போய்ச் சேர்ந்தது. 'பின்னால்' என்பதைக்கூட அவள் விட்டுவிடவில்லை.

டாக்டர் கொஞ்சம் முன்னால் சாய்ந்து கேட்டார். "உங்க மனைவிகிட்ட எதுக்கு மறைச்சீங்க?"

அவர் மேஜை விளிம்பைத் தடவினார். "அவ நாள் பூரா அடுத்தவங்க நோயைத்தான் பேசுறா டாக்டர். எல்லார் வலியையும் எனக்கு வலிக்குது, எனக்கு வலிக்குதுன்னு சொல்றா. வேலைய விட்டு வெளிய வந்தாவது அவளுக்கு வலியில்லாம இருக்கட்டும்னு நெனச்சேன். என் வலியையும் அவளைச் சொல்ல வைக்க மனசு வரலை."

சொல்லி முடித்த பிறகுதான், இப்போது அதையே செய்ய வைத்துவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது.

அவள் தாளில் ஏதோ வட்டம் போட்டாள். பிறகு நிமிர்ந்து, டாக்டரை நேராகப் பார்த்து, என் மனைவி நாள் முழுவதும் மற்றவர்களின் நோயைப் பேசுகிறாள் என்று தொடங்கி, ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னாள். தான் சொன்னதே என்பதால் அவருடைய ஆங்கிலத்துக்கே எல்லாம் புரிந்தது. அவள் எங்கும் நிற்கவில்லை, எதையும் மென்று விழுங்கவில்லை, அழகுபடுத்தவும் இல்லை. அவர் பத்தொன்பது வருடத்தில் அவளிடம் ஒரு தடவையும் சொல்லாத அன்பை, அவளே எடுத்து, ஒரு பருக்கை சிந்தாமல் வேறொருவர் கையில் கொடுத்தாள். அவர் தன் சிறுநீர்ப்பையைக் கூட ஒரு நிமிடம் மறந்துவிட்டார்.

டாக்டர் மேலும் நாலைந்து கேள்விகள் கேட்டார். வருகிற செவ்வாய்க்கிழமையே கேமரா வைத்துப் பார்த்துவிடலாம், இப்போதாவது சொன்னது நல்லது, எதுவாக இருந்தாலும் ஆரம்பத்தில் பிடித்தால் வழி உண்டு என்றார். எல்லாம் இந்தப் பக்கம் வந்தது, பதில்கள் அந்தப் பக்கம் போயின. கடைசியில் டாக்டர் பேனாவை மூடிவிட்டு, குரலைத் தாழ்த்தி, அவளைப் பார்த்து ஏதோ கேட்டார்.

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு ஒண்ணும் இல்லையே? நல்லாத்தானே இருக்கீங்க?"

அவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டரின் கண் அவள் மேல்தான் இருந்தது.

"என்னைக் கேக்கலைம்மா" என்றார் அவர். "உன்னைத்தான் கேக்குறார்."

அவள் பழக்கதோஷத்தில் டாக்டரிடம் திரும்பி, அதையும் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினாள். இரண்டு சொல் வந்தது. மூன்றாவது வரவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது. அறையில் இருந்த மூன்று பேரும் அந்த மூன்றாவது சொல்லுக்காகக் காத்திருந்தார்கள்.

பிறகு எழுந்தாள். மேஜை ஓரத்திலிருந்த நாற்காலியைக் கிறீச்சென்று தரையில் இழுத்து வந்து கணவருக்குப் பக்கத்தில், முழங்கால் இடிக்க இடிக்கப் போட்டு உட்கார்ந்தாள். டாக்டர் பார்க்கப் பார்க்க, கணவர் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினாள். கிள்ளிய இடத்திலேயே கையை வைத்துக்கொண்டாள்.